மலிவு மட்டை

“ஹைபிரிட்டா? அது தக்காளி விதையில்ல?”

“போடி இவளே!” மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் புது கோல்ஃப் மட்டையை மனைவியிடம் ஆசையாக நீட்டினார். “மர மட்டையும் இரும்பு மட்டையும் கலந்த ரகம் இது. கத்துக்குட்டி அடிச்சாக்கூட பந்து பறக்கும். அதுவும் பாதி விலை!”

“மலிவுன்னா போதுமே உங்களுக்கு! பொண்ணும் ஹாஸ்டல் போயாச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா நீங்களும் இங்க ஓடி வந்துடறீங்க. நான் சுவரோட பேசிட்டு உட்கார்ந்திருக்கேன். இன்னிக்குப் பந்து பறக்கலைன்னா இனிமே ஞாயித்துக்கிழமை வீட்லதான். சம்மதமா?”

“சம்மதம்” என்றார், பாவம். புது மட்டையின் லட்சணத்தை நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத்தான் அவள் முதல் தடவையாகப் பயிற்சித் திடலுக்கு வந்திருந்தாள்.

ஓங்கி அடித்தார். பந்து காலடியிலேயே உருண்டது. மறுபடி அடித்தார். புல்தான் பறந்தது.

“தரை சரியில்ல...”

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்! கொடுங்க இப்படி!”

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் தன் வாட்டத்துக்கு நின்றுகொண்டு வீசினாள். முதலில் காற்றைத்தான் வெட்டினாள். அடுத்த வீச்சில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். பந்து எழும்பிப் போய், தூரத்தில் நட்டிருந்த கொடிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அவளுக்கே வாய் மூடவில்லை.

பயிற்சியாளர் ஓடி வந்தார். “பிரமாதம் மேடம்! சார், நீங்க எப்படி சார் இதுல அடிச்சீங்க? இது இடதுகைக்காரங்க மட்டை!”

அவள் இடதுகைக்காரி. வந்ததே பாருங்கள் சிரிப்பு!

“ஊருக்கெல்லாம் கண்ணு பார்த்துச் சொல்றீங்க, மட்டை எந்தப் பக்கம்னு பார்க்கத் தெரியலையா? மலிவுன்னா கண்ணை மூடிட்டு வாங்கிடறதா? சரி, வாங்கினது தண்டமாப் போக வேணாம். நானே வச்சுக்கறேன். அடுத்த வாரம் நானும் வரேன்!”

பந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு, இன்னும் பந்து வாங்கிவர உற்சாகமாக நடந்தாள்.

“சார், கடையில சொன்னா மாத்திக் கொடுப்பாங்க. நான் பேசட்டுமா?” என்றார் பயிற்சியாளர்.

“அட, மெதுவாப் பேசுப்பா! இடதுகை மட்டைதான் வேணும்னு கடை கடையா அலைஞ்சு பிடிச்சிருக்கேன். ‘உனக்குத்தான் வாங்கினேன்’னு சொல்லியிருந்தா, ‘எனக்கெதுக்கு இந்தச் செலவு’ன்னு அப்பவே திருப்பிக் கொடுத்திருப்பா!”