கண்ணை மூடாமல்

பட்டை அவிழவில்லை.

கையுறை மாட்டுவதற்கு முன், இடது கையில் சுற்றியிருந்த துணிப்பட்டையைச் சற்றுத் தளர்த்தச் சொன்னார் குத்துச்சண்டை மாஸ்டர். அவள் இழுத்தாள். அவரும் இழுத்துப் பார்த்தார். பிறகுதான் மணிக்கட்டைத் திருப்பிக் கவனித்தார். ஒட்டுப்பட்டையை நம்பாமல், நுனியை நூல் கோத்து வரிசையாகத் தைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, இது உங்க கை. சட்டைக் கை இல்ல," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோல் தேடப் போனார்.

தையல் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்த கை அது. ஒருமுறை மெஷின் ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கிவிட்டது. அப்போதுகூட அவள் கண்ணை மூடவில்லை. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, தானே ஊசியை வெளியே எடுத்தாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு, முகத்துக்கு நேரே ஒரு கையுறை வந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது.

இங்கே சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கும் அந்தக் கண்ணுக்கும்தான் சண்டை.

மற்றதெல்லாம் ஒருவாறு வந்துவிட்டது. இடது காலை முன்னே வைக்கச் சொன்னால் வலது கால் முந்திக்கொண்ட காலம் போய்விட்டது. கயிறு தாண்டும்போது மூச்சு இரைக்கும், நிற்க மாட்டாள். தொங்கும் மணல்மூட்டை முன்பெல்லாம் அவள் குத்தினால் கண்டுகொள்ளாது. இப்போது கொஞ்சம் மரியாதை கொடுத்து நகர்கிறது.

"இந்த வயசுல யாரை அடிக்கப் போறே? வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா, பாவம்!" என்று கேட்டாள் பக்கத்து மெஷின்காரி.

"யாரையும் இல்ல. அடி வாங்கத்தான் போறேன்."

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கண்ணைப் பழக்க அவள் செய்யாதது இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க்காற்றை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி முன் நின்று முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டாள். கணவரைக் கூப்பிட்டு, தலையணையால் முகத்தில் அடிக்கச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கி ஒன்று போட்டார். பிறகு, இப்படியொரு வாய்ப்பு இனி எப்போது வருமோ என்று இன்னும் இரண்டு போட்டார்.

மூன்றுக்கும் மூடிக்கொண்டது.

இன்று தலையணை இல்லை. எதிரே ஆள் நிற்கும்.

மாஸ்டர் வந்து தையலை வெட்டினார். பட்டையைச் சரிசெய்து, கையுறையை மாட்டி இறுக்கினார். எதிர் மூலையில் நீலத் தலைக்கவசம் தயாராக நின்றது. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேற யாரையாச்சும் நிறுத்தட்டுமா அக்கா?"

"வேணாம் மாஸ்டர். அவளே வரட்டும்."

மணி அடித்தது.

நீலத் தலைக்கவசம் சுற்றிச் சுற்றி வந்தது. கை நீண்டது, பாதி வழியில் திரும்பிப் போனது. மறுபடியும் நீண்டது, தோளில் பட்டும் படாமலும் தொட்டுவிட்டு விலகியது.

"என்ன, தூசி தட்டறியா? அடி!" என்று கயிற்றுக்கு வெளியே இருந்து கத்தினார் மாஸ்டர்.

அவள் ஒரு காரியம் செய்தாள். முதல் நாள் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்துக்கு நேர் விரோதமான காரியம். முகத்துக்கு முன்னால் இருந்த இரண்டு கைகளையும் கீழே இறக்கிவிட்டு, அப்படியே நின்றாள்.

கையுறை வந்தது.

இமை துடித்தது. அவள் விடவில்லை. கையுறை பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது, அதையும் பார்த்தாள். கன்னத்தில் இறங்கிய நொடியிலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதனால்தான் அது கண்ணில் பட்டது. நீலத் தலைக்கவசத்துக்குள்ளே இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.

இந்த நீலத் தலைக்கவசக்காரி மோதிய எல்லாப் போட்டிக்கும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தவள்தான் அவள். ஆனால் மணி அடித்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். போன போட்டி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், கடைசி ரவுண்டு எப்படி இருந்தது என்று இவள் கேட்டாள். பிரமாதம் என்று அவள் சொன்னாள்.

அந்த ரவுண்டில்தான் இவள் கீழே விழுந்திருந்தாள்.

அவள் உதட்டோரம் உப்புக் கரித்தது. பல்லுக்கு நடுவே இருந்த ரப்பரில் வார்த்தை குழறியது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா பாத்துட்டுதான்டி இருக்கேன். நீயும் கண்ணைத் தொறந்து அடி."