சுண்டுவிரலோட தனி ரூம்

மலைப்பாதையில குளிர்லயும் மழையிலயும் சைக்கிள் ஓட்டுற ஒரு வலது கை, கிளவுஸ் வாங்கக் கடைக்குப் போச்சு. கடைக்காரர் ரெண்டு எடுத்து வச்சார். ஒண்ணுல, கட்டைவிரலைத் தவிர நாலு பேருக்கும் ஒரே கூடம். இன்னொண்ணுல ஆளுக்கொரு ரூம்.

சுண்டுவிரல் துள்ளிக் குதிச்சுது. "தனி ரூம்தான் வேணும்! பொறந்ததுல இருந்து உங்ககிட்ட இடிபட்டது போதும்!"

"நனைஞ்சா தனியா விறைச்சுப் போயிடுவடா. ஒண்ணா இருந்தா சூடாவது இருக்கும்"னு மோதிரவிரல் சொல்லிப் பாத்துச்சு.

"மோதிரம் போட்டுட்டா நீ என்ன பெரிய மனுஷனா? உன் வேலையைப் பாரு!"

கத்திக் கத்தியே சுண்டுவிரல் ஜெயிச்சுது.

மறுநாள் கொட்டுற மழையில இறக்கம். "எவன் இடியும் இல்ல, ராஜா மாதிரி வரேன்! விடு வண்டியை!"ன்னு சுண்டுவிரல் கூவிக்கிட்டே வந்துச்சு. கொஞ்ச தூரத்துலயே கிளவுஸுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. ஒரு வளைவுல பிரேக் பிடிக்க மத்த விரலெல்லாம் மடங்குச்சு. சுண்டுவிரல் மட்டும் விறைச்சுப் போய்க் குச்சி மாதிரி நின்னுச்சு. வண்டி வழுக்கிக்கிட்டுப் போய், பள்ளத்தோட விளிம்புல நின்னுது.

கொஞ்ச நேரத்துல மோதிரவிரலோட ரூமுக்குள்ள ஜில்லுன்னு ஏதோ நுழைஞ்சுது.

"தள்ளுடா. உன் ரூம் என் ரூமைவிடப் பெருசான்னு பாக்க வந்தேன்"னு சுண்டுவிரல் நடுங்கிக்கிட்டே சொல்லுச்சு.

மோதிரவிரல் சிரிப்பை அடக்கிக்கிட்டு ஒதுங்கி இடம் விட்டுச்சு.

சூடு ஏறினதும் சுண்டுவிரலுக்குப் பழைய வாய் திரும்பி வந்துடுச்சு. வெளிய காத்துல தொளதொளன்னு ஆடுற தன்னோட காலி ரூமைக் காட்டி, "அது இன்னமும் என் ரூம்தான்! எவனாவது உள்ள போனீங்க, அவ்வளவுதான்!"