உலராத கோடு

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒரு கல் பெஞ்சின் கதை சொல்கிறேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சிற்பியின் மனைவி சட்டென்று திரும்பினாள்.

பெஞ்சு செய்யச் சொன்ன வீட்டுக்காரம்மா ஜூஸ் கூஜாவை பெஞ்சின் ஓரத்தில் வைத்தபோது கல் மணி மாதிரி 'ணங்' என்றது. நடுவில் நகர்த்தி வைத்தபோது 'டொப்' என்றது.

உள்ளே விரிசல்.

மூன்று மாதம் முதுகு வளைத்துச் செதுக்கிய பெஞ்சு. பலகை முழுக்க அவரைக்கொடி, இலையின் நரம்புகூடத் தெரியும். அன்று காலைதான் தோட்டத்தின் நடுவே இறக்கி நிறுத்தினார்கள்.

இப்போது குடும்பமே அதில் உட்கார்ந்து போட்டோ எடுக்கப்போகிறது. நடுவில் உட்காரப்போவது அந்த வீட்டு மகள்.

நிறைமாசம்.

"ஏங்க, அந்த நடுவுல கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் சிற்பியின் மனைவி, அவர் தோளைத் தொட்டு.

இலைமேல் இருந்த தூளை ஊதிக்கொண்டிருந்த சிற்பி நிமிரவில்லை. "ஆமா, வெயிலுக்கு முன்னாடி கிளம்பிடலாம்" என்றார்.

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். பொண்டாட்டி சொன்னா மட்டும் காதுல வாங்கவே மாட்டாங்க!"

இவளும் சிரித்து வைத்தாள்.

உரக்கச் சொல்லிவிடலாம். சொன்னால் "அப்படியா, நீங்களே தட்டிப் பார்த்துச் சொல்லுங்க" என்று நாலு பேர் நடுவில் சுத்தியலை அவர் கையில் கொடுப்பார்கள். அது மட்டும் நடக்கக் கூடாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கையால் கல் செதுக்கும் பட்டறை மிச்சமிருப்பது இது ஒன்றுதான். பேர் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அந்தப் பெண் உட்காரப் போனால் கத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். பேர் போனாலும் போகட்டும். அதற்குள் ஒரே ஒரு வழி இருந்தது. கல்லை நனைக்க வேண்டும். நனைந்த கல் காயும்போது விரிசல் மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவர் கண்ணுக்கு அது தப்பாது.

"ஒரு வாளி தண்ணி ஊத்திக் கழுவி விடட்டுமா அம்மா?"

"ஐயோ, எல்லாரும் புதுத்துணி போட்டிருக்கோம்! போட்டோ முடியட்டும்."

வழி அடைபட்டது.

வாசலில் அந்தப் பெண் இடுப்பில் கை வைத்தபடி படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இவள் கண்ணில் பச்சை விளக்கு பட்டது. செம்பருத்திச் செடி ஓரம் மண்ணில் குத்தி நின்ற சென்சார். வீட்டுக்காரம்மாவின் கொழுந்தன் காலையிலிருந்து அதைப் பற்றித்தான் பீற்றிக்கொண்டிருந்தான். மண்ணுக்குத் தாகம் எடுத்தால் அதுவே போனுக்குச் சொல்லுமாம், போனே தண்ணீரைத் திறந்துவிடுமாம், மனுஷன் கை படவே வேண்டாமாம்.

இவள் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தாள். சென்சாரைப் பிடுங்கி முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். பக்கத்தில் காய்ந்த கல் தூள் அள்ளி வைத்த சாக்கு. அதற்குள் குத்திவிட்டாள்.

பச்சை பச்சையாகவே இருந்தது.

அந்தப் பெண் புல்தரைக்கு வந்துவிட்டாள். "நடுவுல உக்காரும்மா, நடுவுல" என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

இவள் கத்துவதற்கு மூச்சை இழுத்தாள்.

விளக்கு சிவந்தது.

"இதென்னடா, காலையிலதானே ஊத்துச்சு..." என்று கொழுந்தன் போனை எடுப்பதற்குள் புல்தரையெங்கும் தண்ணீர் சீறியது. புதுத்துணியோடு எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். கொழுந்தனுக்கு விழுந்த திட்டை நான் சொல்லமாட்டேன், சின்னப் பிள்ளைகளும் கேட்கிறீர்கள்.

அந்தக் களேபரத்தில் சென்சார் மறுபடி மண்ணுக்கு வந்துவிட்டது. தண்ணீரும் நின்றது.

வெயிலில் பெஞ்சு காய ஆரம்பித்தது. கொடி காய்ந்தது, இலை காய்ந்தது. நடுவில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு மட்டும் காயவில்லை.

சிற்பி அதைப் பார்த்தார். திரும்பி வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணின் முன்னால் ஓடி இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"உக்காராதம்மா! கல்லுல விரிசல் இருக்கு. தப்பு என்னுதுதான், வேற செஞ்சு தரேன்."

வீட்டுக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். திட்டு வாங்கிய கொழுந்தனுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா அண்ணி, மெஷினு காப்பாத்திடுச்சு!" என்றவன், சிற்பியின் பக்கம் திரும்பினான். "அண்ணே, அடுத்த கல்லு எடுக்கும்போது நானும் வரேன். நீங்க தட்டித் தட்டிக் காட்டுங்க, எது நல்ல சத்தம்னு சொல்லுங்க, எல்லாத்தையும் போன்ல பதிவு பண்ணிக்கறேன்."

சிற்பி சிரித்த முகமாகத் தலையாட்டினார். "சரி தம்பி, சரி சரி."

இவள் அவர் முழங்கையைப் பிடித்து வேன் பக்கம் இழுத்தாள்.

திரும்பும்போது வேனில் டிரைவரை ஒட்டி இருவரும் உட்கார்ந்தார்கள். இவள் அவருடைய உள்ளங்கையை மடியில் இழுத்து வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். தோட்டத்தில் நாலு பேர் எதிரில் இப்படி எழுத வழியில்லை.

'தம்பியும் வரானாம். தட்டச் சொல்லுவான்.'

போன மழைக்காலத்தோடு சிற்பிக்கு இரண்டு காதும் முழுசாக அடைத்துப்போயிருந்தன. உளிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அது இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அதற்குப் பிறகு எந்தக் கல்லையும் தட்டிச் சத்தம் கேட்டு எடுத்தது இவள்தான். பெஞ்சுக் கல் வாங்கிய அன்றைக்கு மட்டும் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

சிற்பி உள்ளங்கையை மூடிக்கொண்டார். பிறகு ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வேனே அதிரும்படி சொன்னார்:

"நீ எதிர்ல நில்லு! நல்ல கல்லுன்னா கண்ணை மூடு!"

இவள் அவர் வாயைப் பொத்தினாள். பொத்தியபடியே பயந்து பயந்து டிரைவரைப் பார்த்தாள்.

டிரைவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

கேட்க வேண்டியதைக் கேட்கவும், கேட்கக் கூடாததைக் கேட்காமல் விடவும் தெரிந்த மனுஷர்கள் உங்கள் வீட்டைச் சுற்றி நிறையட்டும் கண்ணுகளா. நல்லா இருங்க.