விசாரிக்க வந்தவர்

எச்.ஐ.வி. பாதித்த பெண்களுக்காகச் சங்கரன்கோவிலில் சங்கம் நடத்தும் டெபோராவைத் தேடி, புளியங்குடியிலிருந்து வடிவாம்பாள் வந்திருந்தார்.

"உங்க சங்கத்துக்கு வார சிவப்ரியாவ என் மவனுக்குப் பாத்திருக்கோம். அவளுக்கும் அந்த நோய் இருக்கா?"

இப்படி விசாரித்து நின்றுபோன கல்யாணங்களை டெபோரா நிறையப் பார்த்தவள். பிறவியிலேயே நோய் தொற்றி, சிறுவயதிலிருந்தே மாத்திரை சாப்பிடும் சிவப்ரியாவுக்காகக் கூசாமல் பொய் சொன்னாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. இங்கன தையல் சொல்லிக்குடுக்க வாரா."

வடிவாம்பாளின் முகம் வாடிவிட்டது.

"அப்ப சரிப்படாது. என் மவனுக்கும் அந்த நோய்தான். அவளுக்கும் இருந்தா, ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்பாவன்னு நெனச்சேன்."

உண்மையைச் சொன்னால் சிவப்ரியாவின் ரகசியம் போய்விடும். புறப்பட எழுந்தவரின் கையை டெபோரா பிடித்து உட்கார வைத்தாள்.

"சனிக்கிழமை மவனக் கூட்டிட்டு வாங்கம்மா. சிவப்ரியாவும் வருவா. மிச்சத்த அவளே பேசட்டும்."