இடது முழங்கை

தாம்பத்திய நல ஆய்வில் சேர்ந்த மூன்றே மாதத்தில் இளம்பரிதி ஆளே மாறிப்போயிருந்தான். எட்டு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தவன், இப்போது மனைவி சுகந்தியின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு முத்தமிட்டான். சண்டை போட்டால் அவனே முதலில் வந்து பேசினான். ஆய்வகத்தில் அவன் காதுக்குள் பொருத்தியிருந்த பொத்தான் அளவுக் கருவி நாடித்துடிப்பை அளப்பதற்கு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான்.

போன வாரம் ஆய்வக டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"எங்க தொட்டா உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்? கூச்சப்படாம சொல்லுங்க, இந்த ரூமைத் தாண்டாது."

கூச்சம் பிடுங்கித் தின்ன, சுகந்தி வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். "இடது முழங்கை."

கல்யாணத்துக்கு முன்பே எலும்பு முறிந்து, மரத்துப்போன இடம் அது.

ஞாயிறு மதியம் இளம்பரிதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எதையோ உற்றுக் கேட்பவன்போல ஒரு கணம் தலையைச் சாய்த்தான். பிறகு அவளுடைய இடது முழங்கையில் மெல்ல உதடு பதித்தான்.

"ஏங்க, இதை யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? எனக்கே தோணுச்சு."

சுகந்தி அவன் காதிலிருந்த பொத்தானைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை, அவன் கை வருவதற்குள், தானே ஒதுக்கிக்கொண்டாள்.