நீக்கத் தீர்மானம்

"உங்களை இந்தச் சங்கத்தை விட்டு அனுப்பலைன்னா நான் தலைவியே இல்ல" என்றார் பல் டாக்டரம்மா.

கணினித் திரையின் சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லா முகங்களும் நிமிர்ந்தன. தையல்கடைக்காரரின் கட்டத்தில் மட்டும் வழக்கம்போல மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போனை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அனுப்புங்க, பாக்கலாம்" என்றார் அச்சகக்காரர். "தொற்று வந்த வீடுகளுக்கு நாம கொடுக்கிற சாப்பாட்டுப் பொட்டலத்துல உங்க போட்டோ எதுக்கு? ஜுரத்துல கிடக்கிறவன் உங்க மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் சாப்பிடணுமா?"

"அந்த ஸ்டிக்கர் ஆர்டரை உங்க அச்சகத்துக்குத் தரலைன்னு வயிறு எரியுது. அதைச் சொல்லுங்க."

யாரோ சிரித்துவிட்டு அவசரமாக மைக்கை அணைத்தார்கள். மண்டபத்தில் கூடிய காலத்தில் இந்தச் சேவைச் சங்கத்தில் இப்படி ஒரு பேச்சு எழுந்ததே கிடையாது. ஊரடங்கு வந்து, கூட்டம் திரைக்கு மாறிய புதிதிலும் எல்லாம் சாதுவாகத்தான் நடந்தது. உறுதிமொழி, அறிக்கை, நன்றியுரை. பாதிப் பேர் வரவே மாட்டார்கள், வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். இப்போதோ வாராவாரம் குழாயடிச் சண்டை.

டாக்டரம்மா கரண்டியால் டம்ளரைத் தட்டினார். சங்கத்தின் மணி பூட்டிய மண்டபத்துக்குள் மாட்டிக்கொண்டதால் இப்போதைக்கு இதுதான் மணி.

"அவர் மைக்கை அமத்திடுங்களேன் டாக்டரம்மா" என்றார் பொருளாளர். "பொத்தான் உங்க கையிலதானே இருக்கு?"

"பேசட்டும். எல்லாரும் கேக்கட்டும்."

அச்சகக்காரர் பேசினார். "நம்ம கடிகாரக் கடைக்காரர் தனியா வீட்டுக்குள்ளயே செத்துக் கிடந்தாரு. பால்காரர் சொல்லித்தான் நமக்கே தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி நடந்த கூட்டத்துக்கெல்லாம் மனுஷன் வரலை. ஏன் வரலைன்னு ஒரு போன் போட்டீங்களா? நீங்கல்லாம் ஒரு தலைவி."

டாக்டரம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்க போட்டீங்களா?" என்றார் மெதுவாக.

"செத்தவரை வச்சா சண்டை போடறது?" என்று மின்விசிறிக் கட்டத்திலிருந்து தையல்கடைக்காரர் கத்தினார். "இந்த ஆளை இப்பவே நீக்குங்க. இல்லைன்னா நான் விலகிக்கிறேன்."

"அவர் கேட்டதுல என்ன தப்பு?" பொருளாளர் சட்டென்று கட்சி மாறினார். "அவரை நீக்கினா நானும் போறேன்."

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். யார் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. சங்கம் இரண்டாக உடைந்தால் நாளைக்குப் பொட்டலத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று யாரோ கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. டம்ளர் மறுபடி ஒலித்தது.

"அடுத்த வாரம் ஓட்டு" என்றார் டாக்டரம்மா. "அத்தனை பேரும் இருந்தாத்தான் நீக்கம் செல்லும், அது நம்ம விதி. யாராவது வரலைன்னா அவங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கூப்பிடுவேன். சொல்லிட்டேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க" என்று தையல்கடைக்காரர் முணுமுணுத்தார்.

"போன வாரம் நேரம் முடிஞ்சுபோச்சு."

கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிக் கட்டமும் போன பிறகுதான் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். உடனே போன் அடித்தது. அச்சகக்காரர். கொஞ்சம் அடிக்கவிட்டு எடுத்தார்.

"இன்னிக்கு ரொம்ப அதிகமாப் போயிட்டேன்" என்றார் அவர்.

"நெஜத்தைத்தானே கேட்டீங்க." டாக்டரம்மா வருகைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். "ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டாங்க. தையல்கடைக்காரர் கத்தின கத்துக்கு அவர் நல்லாத்தான் இருக்கணும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சரி, அடுத்த வாரம் சண்டையை நீங்க ஆரம்பிங்க" என்றார் டாக்டரம்மா.