புளி போட்டுத் தேய்த்த மூடி

மார்ச் 11. குக்கர் மூடியைக் கழுவ வேண்டாம் என்று சகாயமேரி அக்காவிடம் சொல்ல மறந்திருக்கிறேன். குக்கர் வெடித்ததில் அவருக்கு வலது கண் போனது. அவர் சரியாகக் கழுவாததால் ஆவி போகும் துளையில் சோறு அடைத்துக்கொண்டது என்கிறது, அவர் வழக்குப் போட்டிருக்கும் குக்கர் கம்பெனி. அடைக்கவில்லை என்று காட்ட எங்களிடம் இருந்தது அந்த மூடி மட்டும்தான். இன்று மாலை நான் சட்ட வகுப்புக்குக் கிளம்பும்போது, நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்துக்கு அக்கா அதைக் கொண்டுவந்தார். புளி போட்டுத் தேய்த்திருந்தார். துளையைக்கூட ஊசியால் குத்திச் சுத்தம் செய்திருந்தார்.

"கழுவாதவளாம்ல நான்? இப்ப ஜட்ஜு பாக்கட்டும் தம்பி."

"நல்லா இருக்குக்கா" என்று வாங்கி வைத்தேன்.

நாளை பத்து மணிக்கு, அக்கா வருவதற்கு முன், தவறு என்னுடையது என்று வக்கீலிடம் சொல்ல வேண்டும்.